கொத்தனார் அப்பாவோட அல்ஹம்ப்ரா

ஜனவரி 13, கிரனாடா போற வழி

அப்பா காரைக்குடி பக்கத்துல காலமெல்லாம் கொத்தனார் வேலை பார்த்தவரு. அதுலயும் கடைசி காலத்துல பழைய செட்டிநாட்டு வீடுங்களுக்கு சுண்ணாம்புப் பூச்சு பழுது பார்க்கறதுன்னா அவரைத்தான் தேடி வருவாங்க. மாட்ரிட்ல என் வீட்டுக்கு வந்ததுலேர்ந்து குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. மியூசியம் கூட்டிட்டுப் போனா ரெண்டு ரூம் பார்த்துட்டு "போதும் தாயி, கால் வலிக்குது"ன்னுடுவாரு. அதனால தெற்கு ஸ்பெயின்ல கிரனாடா ஊர்ல இருக்கற பழைய முஸ்லிம் ராஜாக்களோட அரண்மனை அல்ஹம்ப்ராவுக்குப் போலாம்னு சொன்னப்போ கூட "அரண்மனையா, பார்ப்போம்"னு மட்டும் தான் சொன்னாரு. நான் போட்டோ ஒண்ணு கூட காட்டல, வேணும்னே தான்.

ரயில் மூணரை மணி நேரத்துல போய்ச் சேரணும். ஆனா பாதி வழியில லைன்ல ஏதோ வேலைன்னு எல்லாரையும் இறக்கி பஸ்ல ஏத்திட்டாங்க. அந்த பஸ்ஸும் உடனே வரல, திறந்த வெளியில காத்து ஊசி மாதிரி குத்துது, அப்பா மங்கி கேப் மேல மப்ளர் சுத்தி அதுக்கு மேல கோட்டு ஹூடையும் இழுத்து விட்டுக்கிட்டு நிக்கறாரு. பக்கத்துல நின்ன ஒரு பாட்டிம்மா எதுவும் கேக்காம தன்னோட பிளாஸ்க்லேர்ந்து சூடா ஏதோ மூலிகைத் தண்ணி ஊத்தி அவரு கையில குடுத்தாங்க. அவரும் எதுவும் கேக்காம குடிச்சாரு. ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாது, ஆனா பஸ்ல ஏறினப்புறம் அந்தம்மா அவருக்கு ஜன்னல் சீட்டு விட்டுக் குடுத்தாங்க. வழியெல்லாம் ஆலிவ் மரம், மலை மலையா ஆலிவ் மரம் தான், அப்பா "இதுக்கெல்லாம் யாரு தண்ணி பாய்ச்சறது"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு.

ஹோட்டல்ல அடுத்த பிரச்சனை. தங்கறவங்க விவரத்தை கம்ப்யூட்டர்ல பதியணும், அதுல குடும்பப் பேர் இல்லாம அடுத்த பக்கத்துக்கே போகாது. அப்பா பாஸ்போர்ட்ல இருக்கறது ஒரே பேரு. நம்ம ஊர்ல எத்தனையோ பேருக்கு அப்படித்தான், அப்பா பேரை இனிஷியலா போட்டுப் பழகினவங்க நாம. ஸ்பெயின்ல ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு குடும்பப் பேரு, அப்பா வழியில ஒண்ணு அம்மா வழியில ஒண்ணு. ரிசப்ஷன் பையன் ரொம்ப மரியாதையா, "சாருக்கு ஒண்ணு கூடவா இல்லை?"ன்னு ரெண்டு தடவ கேட்டான். கடைசியில அவரு பேரையே திரும்பவும் போட்டு முடிச்சான். ரூம்ல ஹீட்டர் வேலை செய்யல, அதைச் சொன்னதும் அவனே எண்ணெய் ஹீட்டர் ஒண்ணைத் தூக்கிட்டு மாடி ஏறி வந்து வச்சிட்டு ரெண்டு கம்பளியும் குடுத்துட்டுப் போனான்.

ராத்திரி சாப்பாடு. கிரனாடாவுல ஒரு பழக்கம், பார்ல எதைக் குடிச்சாலும் கூட ஒரு சின்னத் தட்டு சாப்பாடு, தபான்னு சொல்லுவாங்க, காசில்லாம வந்துடும். என்ன வரும்னு நாம சொல்ல முடியாது. அப்பா குடிக்க மாட்டாரு, அவருக்கு மோஸ்தோன்னு திராட்சை ஜூஸ் சொன்னேன், அதுக்கும் தட்டு வந்துச்சு. முதல் தட்டுல பன்னி இறைச்சி. பார்க்காரரு அப்பா முகத்தைப் பார்த்தாரு, ஒரு வார்த்தை பேசாம தட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போய் உருளைக்கிழங்கு போட்ட முட்டை ஆம்லெட் கொண்டு வந்து வச்சாரு. ரெண்டாவது ரவுண்டுக்கு கொண்டைக்கடலையும் கீரையும். ரெண்டு பேரும் வயிறு நிறைய சாப்பிட்டதுக்கு மொத்தம் பதினோரு யூரோ. "ஆயிரம் ரூபாய்"னு உடனே கணக்குப் போட்டாரு, ஆனா இந்தத் தடவ முகம் சுளிக்கல.

ஜனவரி 14, பொங்கலும் அல்ஹம்ப்ராவும்

காலைல ஏழு மணிக்கு அம்மா வீடியோ கால்ல பொங்கப் பானையக் காட்டினாங்க. அங்க பொங்கி முடிச்சு சாப்பிட்டே ஆச்சு, இங்க இன்னும் விடியல. சூரியன் வர எட்டரை ஆகும். அப்பா குளிச்சு, கிழக்கு எந்தப் பக்கம்னு கேட்டு ஜன்னல் வழியா கும்பிட்டாரு. வெளியில ஒரு டிகிரி. கார் கண்ணாடியில எல்லாம் வெள்ளையா பனி உறைஞ்சிருந்துச்சு. தெரு ஓரத்து ஆரஞ்சு மரத்துல மட்டும் பழம் கொத்துக் கொத்தா தொங்குது, கசப்பு ஆரஞ்சு, யாரும் பறிக்கறதில்ல.

சின்ன சிகப்பு பஸ் மேல வரைக்கும் போகும், நாங்க நீதி வாசல் பக்கம் இறங்கி நடந்தோம். 1348ல யூசுப் மன்னர் கட்டின வாசல் அது, வெளி வளைவு மேல ஒரு கை, உள் வளைவு மேல ஒரு சாவி செதுக்கியிருக்கு. அதைத் தாண்டி உள்ள போனா ஐந்தாம் சார்லஸ் அரண்மனை, 1527ல ஆரம்பிச்சது, கிறிஸ்தவ ராஜா முஸ்லிம் அரண்மனை நடுவுல கொண்டு வந்து வச்ச பெரிய கல் கட்டடம், வெளியில சதுரம், உள்ள வட்ட முற்றம். அப்பா சுத்திப் பார்த்துட்டு "கல்லு நல்ல கல்லு"ன்னாரு. அவ்வளவு தான். எனக்கு உள்ளுக்குள்ள கவலை வந்துடுச்சு, இதுக்குப் போய் இவ்வளவு குளிர்ல இழுத்துட்டு வந்துட்டமோன்னு.

அல்கசாபா கோட்டைச் சுவர் பக்கம் வந்ததும் தான் நின்னாரு. சுவத்துல படுக்கை வாக்குல கோடு கோடா ஓடுது, நடுநடுவுல வரிசையா ஓட்டை. "தாயி, இது கல்லே இல்ல. மண்ணு. பலகை அடிச்சு, மண்ணும் சுண்ணாம்பும் கொட்டி இடிச்சு இடிச்சு ஏத்தினது. இந்தக் கோடு ஒவ்வொரு நாள் வேலை, இந்த ஓட்டை பலகையத் தாங்கின கட்டை இருந்த இடம்"னாரு. நான் புத்தகத்துல படிச்சு வச்சிருந்தேன், அந்த இடிமண் சுவருக்கு இங்க தாப்பியால்னு பேரு, உள்ள இருக்கற சிகப்பு மண்ணால தான் இந்த இடத்துக்கே 'சிகப்பு' அப்படிங்கற அரபிப் பேரு வந்துச்சுன்னு சொல்றவங்க நிறைய. அவரு எதையும் படிக்கல, நேராப் பார்த்துச் சொல்லிட்டாரு.

அங்கேர்ந்து நஸ்ரித் அரண்மனைகள். நஸ்ரித் வம்சம் 1238லேர்ந்து 1492 வரைக்கும் இந்த ஊரை ஆண்டது, கடைசி ராஜா போவப்தில் 1492 ஜனவரி 2ல கிறிஸ்தவ ராஜா ராணிகிட்ட ஊரோட சாவியக் குடுத்துட்டுப் போனாரு. அந்தத் தேதிய ஊர்ல இன்னமும் விழாவா கொண்டாடறாங்க. இப்ப நாம பார்க்கற பெரும்பாலான அழகு யூசுப்பும் அவரு மகன் ஐந்தாம் முகம்மதும் 14ஆம் நூற்றாண்டுல செஞ்சது.

உள்ள நுழைஞ்சதும் அப்பா பேச்சே போச்சு. சுவர் முழுக்க, தரையிலேர்ந்து இடுப்பு உசரம் வரைக்கும் கலர் ஓட்டுத் துண்டு பதிச்ச வேலை, அதுக்கு மேல கூரை வரைக்கும் பூ, கொடி, நட்சத்திரம், எழுத்து, ஒரு உள்ளங்கை அளவு கூட காலி இல்லாம செதுக்கல். கூட்டம் எல்லாம் போன் தூக்கிக்கிட்டு அண்ணாந்து பார்த்து நகர்ந்து போகுது, இவரு சுவத்துலேர்ந்து ஒரு அடி தள்ளி நின்னு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மாட்டி ஒரே இடத்தைப் பார்க்கறாரு. "இதுவும் கல்லு இல்ல"ன்னாரு. "சுதை."

ஆமா. ஜிப்சம் பூச்சு தான் அத்தனையும். பளிங்கு தூணுக்கும் தரைக்கும் நீரூற்றுக்கும் மட்டும். உலகமே வந்து வாயப் பொளந்து பார்க்கற இந்த அரண்மனை மண்ணு, செங்கல், மரம், ஜிப்சம் இதுகளால ஆனது. நம்ம செட்டிநாட்டுப் பூச்சுல கடைசிக் கையில முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து வழவழன்னு தேய்ப்பாங்க, சுண்ணாம்பை நாள் கணக்கா புளிக்க வைக்கணும். ஜிப்சம் அப்படி இல்லையாம், சுடறதுக்கு விறகு கம்மியாப் போதும், தண்ணி ஊத்தினா கொஞ்ச நேரத்துல இறுகிடும், அந்தப் பதத்துக்குள்ள கையி ஓடணும். "இறுகற நேரத்துக்குள்ள இந்தக் கொடிய வளைச்சிருக்கான் பாரு, ஒரு இடத்துலயாவது கை நடுங்கியிருக்கா பாரு"ன்னு சொல்லிக்கிட்டே அவரு விரல் தன்னால சுவர் பக்கம் போச்சு.

காவலாளி ஒருத்தர் வேகமா வந்தாரு. தொடக் கூடாது. அப்பா டக்குனு ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டாரு, நான் மன்னிப்பு கேட்டு, இவரு 'அல்பனீல்', கொத்தனாருன்னு சொன்னேன். அந்த ஆளு அப்பா கையப் பார்த்தாரு, சுண்ணாம்பு தின்னு வெடிச்ச விரல், சொல்லவே வேண்டியதில்ல. தலைய ஆட்டி எங்களைக் கூட்டிட்டுப் போய் ஒரு மூலையில நிறுத்தி டார்ச் அடிச்சாரு. செதுக்கலோட பள்ளத்துக்குள்ள, வெளிச்சம் படாத இடத்துல, நீலம். இன்னொரு பள்ளத்துல சிகப்பு, அது குண்டுமணி அளவு தான். இந்த வெள்ளைச் சுவர் எல்லாம் அந்தக் காலத்துல நீலமும் சிகப்பும் தங்கமுமா இருந்துச்சு, அறுநூத்தம்பது வருஷத்துல போனது போக மிச்சம் இது. அப்பா குனிஞ்சு பார்த்த கோணத்துலேர்ந்து நிமிரவே இல்ல, பின்னாடி வந்த ஜப்பான்காரக் குடும்பம் ஒண்ணு வரிசையா நின்னு அவங்களும் அதே பள்ளத்தைப் பார்த்துட்டுப் போச்சு.

கீழ எதுக்கு ஓட்டு வேலை, மேல எதுக்கு சுதைங்கறதையும் அவரு தான் சொன்னாரு. ஜிப்சத்துக்கு ஈரம் ஆகாது, ஆள் உரசினாலும் உதிரும், அதான் இடுப்பு உசரத்துக்கு ஓடு. மேல மழை படாம மரத்துல நீளமா இறவாணம் இறக்கியிருக்கான். நான் அழகுக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தது எல்லாம் தண்ணிக்குப் பயந்து செஞ்ச ஏற்பாடு.

சிங்க முற்றம் வந்துச்சு. பன்னெண்டு சிங்கம் சுமக்கற நீரூற்று, சுத்தி 124 பளிங்குத் தூண், ஒல்லி ஒல்லியா. தண்ணி டார்ரோ ஆத்துலேர்ந்து ஆறு கிலோமீட்டர் வாய்க்கால்ல வந்து சரிவுலயே ஓடுது. அப்பா தூணைப் பார்க்கறாரு, தூணும் தலைப்பும் சேர்ற இடத்துல சாம்பல் கலர்ல மெல்லிசா ஒரு கோடு. அது ஈயத் தகடு. பூகம்பம் வர்ற ஊரு, ஆடினா தூண் உடையாம நெகிழ்ந்து குடுக்கட்டும்னு வச்சது. இதை நான் தான் சொன்னேன், சொன்னதும் "அப்படிச் சொல்லு!"ன்னு என் தோள்ல ஒரு தட்டு தட்டினாரு. இத்தனை வருஷத்துல என் மார்க் ஷீட்டுக்குக் கூட அப்படித் தட்டினதில்ல.

இரு சகோதரிகள் மண்டபத்துல தலைக்கு மேல தேன் கலர்ல தொங்கற கூரை, ஐயாயிரத்துக்கும் மேல சின்னச் சின்ன ஜிப்சத் துண்டு சேர்த்தது. சுவத்துல இப்னு ஸம்ரக் எழுதின கவிதை ஓடுது. 'இறைவனைத் தவிர வெல்பவர் யாருமில்லை'ங்கற நஸ்ரித் வாசகம் திரும்பத் திரும்ப எல்லாப் பக்கமும். இதையெல்லாம் ஆடியோ கைடு கேட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன். "ராசா பேரு இருக்கு, பாட்டு எழுதினவரு பேரு தெரியுது. சாரத்துல நின்னவன் பேரு?"ன்னாரு. எனக்குப் பதில் தெரியல, அவரு பேரும் எந்தச் செட்டியார் வீட்டுச் சுவத்துலயும் இல்ல. கானாடுகாத்தான்லயும் தேவகோட்டையிலயும் அவரு கை பட்ட எத்தனையோ வீட்டுக்கு இப்ப டிக்கெட் வாங்கித் தான் உள்ள போகணும்.

ஒரே ஒரு விஷயத்துல அவருக்குக் கோவம் வந்துச்சு. சில இடத்துல செதுக்கல் பாதியில நின்னு அப்புறம் மொட்டையா வெறும் பூச்சு. "பழுது பார்க்க வந்தவன் பாதியில ஓடிட்டானா?" நான் விளக்கினேன். தோரெஸ் பல்பாஸ்னு ஒரு கட்டடக் கலைஞர் 1923லேர்ந்து 1936 வரைக்கும் இங்க பொறுப்புல இருந்தாரு, புதுசா சேர்த்தது புதுசுன்னு தெரியணும், பழசு மாதிரி நடிக்கக் கூடாதுங்கறது அவரோட கொள்கை. அப்பா வெளியில வந்து வெயில்ல உக்காந்தாரு, மூக்கெல்லாம் சிகப்பா இருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, "நாங்க அச்சுல எடுத்து அப்படியே ஒட்டிடுவோம், எது பழசு எது புதுசுன்னு வீட்டுக்காரருக்கே தெரியாது, அதைத் தான் வேலைன்னு நினைச்சேன். இந்த ஆளு செஞ்சதும் சரி தான்"னாரு. அவரு இன்னொரு வேலைக்காரரை ஒத்துக்கிட்டு நான் கேட்டதே கிடையாது.

சாயங்காலம் பொங்கல் சாப்பாடு ஒரு சின்ன ஓட்டல்ல. கத்திரிக்காயப் பொரிச்சு அது மேல கரும்புப் பாகு ஊத்தித் தர்றாங்க, ஒன்பது யூரோ. கிரனாடா கடற்கரைப் பக்கம் அரபுக்காரங்க காலத்துலேர்ந்து சமீப காலம் வரைக்கும் கரும்பு விளைஞ்சிருக்கு. பொங்கலுக்குக் கரும்பு நாக்குல பட்டுச்சேன்னு அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம், தட்டை வழிச்சுச் சாப்பிட்டாரு.

ஜனவரி 15, அல்பைசின்

காலைல சுரோ. எண்ணெயில பொரிச்ச நீள மாவும் கெட்டியா சூடான சாக்லெட்டும், ரெண்டு பேருக்கு எட்டு யூரோ. அப்பா மாவை மட்டும் தின்னுட்டு சாக்லெட்டை என் பக்கம் தள்ளிட்டாரு. அப்புறம் எதிர் மலையில இருக்கற பழைய முஸ்லிம் குடியிருப்பு அல்பைசினுக்கு ஏறினோம், ஒரே ஏத்தம், வழுக்கற கூழாங்கல் பாதை, என் கையப் புடிச்சுக்கிட்டே வந்தாரு.

பாதி வழியில ஒரு சந்து முழுக்க அடைச்சு வச்சு வேலை நடக்குது. கருப்பும் வெள்ளையுமா கூழாங்கல்லைப் படுக்க வைக்காம குத்துக்கல்லா நிறுத்தி, பூ மாதிரி கோலம் போட்டு பாதை போடறாங்க, கிரனாடாவோட கைவேலை அது. மூணு ஆளு முட்டி போட்டு உக்காந்து சுத்தியலால தட்டித் தட்டி இறக்கறாங்க. அப்பா நின்னவரு நின்னவரு தான். குளிருதுப்பா போலாம்னா, "இரு தாயி, அந்தப் பக்கம் மட்டம் இறங்குது, கவனிக்கறானா பார்க்கணும்". கவனிச்சாங்க, மட்டப்பலகை வச்சு சரி பண்ணாங்க, அதுக்கு இவரு இங்கேர்ந்து தலைய ஆட்டறாரு. மேஸ்திரி நிமிர்ந்து பார்த்து, என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு, சுத்தியலைக் காம்புப் பக்கமா அப்பாகிட்ட நீட்டினாரு.

கோட்டைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டு, மங்கி கேப்போட ஈரத் தரையில முட்டி போட்டாரு, போன வருஷம் ஆபரேஷன் பண்ண முட்டி. ஒவ்வொரு கல்லையும் கையில உருட்டி எந்த முனை கீழ போகணும்னு பார்த்து வச்சு, ரெண்டு தட்டு. ஒரு இதழ் முழுசா அவரே முடிச்சாரு. மேஸ்திரி பலகை வச்சுப் பார்த்தாரு, ஒரு கல்லை மட்டும் எடுத்துத் திருப்பி வச்சாரு, மத்ததை அப்படியே விட்டுட்டாரு. அப்பாவும் அந்தத் திருப்பின கல்லைப் பார்த்து "சரி தான்"னாரு. பத்தரைக்கு அவங்களுக்கு டிபன் நேரம், எங்களையும் பக்கத்து பாருக்கு இழுத்துட்டுப் போய் காபியும் தக்காளி தேய்ச்ச ரொட்டியும் வாங்கிக் குடுத்தாங்க. நான் காசெடுத்தா மேஸ்திரி கைய அமுக்கிட்டாரு. "இன்னைக்கு வேலை செஞ்சவருக்கு நாங்க தான் குடுக்கணும்."

மத்தியானம் மழை. சான் நிக்கோலாஸ் மேட்டுலேர்ந்து அல்ஹம்ப்ராவும் பின்னாடி சியர்ரா நெவாடா பனிமலையும் தெரியணும், தெரிஞ்சது பத்து நிமிஷம், அப்புறம் எல்லாம் மேகம். ஷூ ரெண்டும் நனைஞ்சு, கால்தெரெரியா தெருவுல ஒரு மொராக்கோ டீக்கடையில ஒதுங்கினோம். புதினா டீ மூணரை யூரோ. "முந்நூறு ரூபாய்க்கு டீயா"ன்னு அப்பா எழுந்தே போகப் பார்த்தாரு. கடைக்காரப் பையன் கெட்டிலைத் தலைக்கு மேல தூக்கி ஒரு சொட்டு சிந்தாம ஆத்தினதைப் பார்த்ததும் உக்காந்துட்டாரு.

ஜனவரி 16, திரும்பி

ரயில் மத்தியானம் தான், அதனால மறுபடியும் மலை ஏறினோம். சார்லஸ் அரண்மனைக் கீழ்த்தளத்துல அல்ஹம்ப்ரா மியூசியம் இருக்கு. ஆளே இல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள உடைஞ்ச சுதைத் துண்டுங்க, பக்கவாட்டுல பார்த்தா பூச்சோட கனம் தெரியுது. ரெண்டு ரூம்ல கால் வலிக்குதுன்னு சொல்ற மனுஷன் இங்க ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் நின்னாரு. மான் படம் போட்ட பெரிய மண் ஜாடி ஒண்ணு அங்க ரொம்பப் பிரபலம், அதைத் தாண்டிப் போய் சுதைத் துண்டையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

ராஜ சமாதி இருக்கற தேவாலயத்துக்குப் போக நேரமில்ல, அவருக்கு அதுல இஷ்டமும் இல்ல.

ரயில்ல ஏறினதும் ஊருக்குப் போன் போட்டாரு. கூட நாப்பது வருஷம் சாரம் ஏறின அவரோட கூட்டாளிக்கு. ஸ்பீக்கர்ல தான் பேசுவாரு எப்பவும், பெட்டி முழுக்கக் கேக்குது. "ஏய், சுண்ணாம்பே இல்லடா மேல, முழுக்க ஜிப்சம்... அறுநூத்தம்பது வருசம்... ஆமாடா, நிக்குது, நான் பார்த்துட்டு தானே வர்றேன்... இறவாணம் இவ்வளவு நீளம் விட்டிருக்கான்..." அந்தப் பக்கத்துலேர்ந்து, "ஜிப்சம் அறுவது வருசம் நிக்காது, ஊரைச் சுத்திட்டு வந்து கதை விடாத." அப்பாவுக்கு முகம் சிவந்துடுச்சு. "இந்தா, எம் பொண்ணுகிட்டயே கேளு"ன்னு போனை என் கையில திணிச்சிட்டாரு. நான் ஜிப்சம் எப்படி ஈரத்துலேர்ந்து தப்பிச்சுதுன்னு, ஓட்டு வேலை எதுக்குன்னு, ஈயத் தகடு எங்க வச்சிருக்காங்கன்னு, தெரிஞ்சதெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தேன், அவரு பக்கத்துல உக்காந்து நான் விட்டதை எடுத்துக் குடுத்துக்கிட்டே வந்தாரு. எதிர் சீட்டுக்காரரு கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லி சைகை காட்டினாரு, நாங்க பெட்டியோட கோடிக்குப் போய் நின்னு பேசினோம்.